சிறுவாசகரின் சுவை: எனிட் பிளைட்டன் கதைகளை முன்வைத்து

சிறார் புனைகதையை ஆராயப் புகுபவர் முதலில் எதிர்கொள்ளும் சிக்கல், அந்த நூலின் வாழ்க்கையில் ஏறத்தாழ எல்லாக் கட்டங்களிலும் பெரியவர்களே நிற்கிறார்கள் என்பதாகும். எழுதுபவர் பெரியவர், படம் வரைபவர், அச்சிடுபவர், மதிப்புரை எழுதுபவர், பரிசுக்குப் பரிந்துரைப்பவர், பள்ளி நூலகத்துக்கு வாங்குபவர் எல்லோரும் பெரியவர்கள். நூலைப் பிரித்து வைத்துக்கொண்டு உட்காருபவர் மட்டுமே சிறுவர். பிரித்தானிய ஆய்வாளர் ஜாக்குலின் ரோஸ் 1984-ல் பீட்டர் பேன் கதையை எடுத்துக்கொண்டு எழுதிய நூலில், சிறார் புனைகதை என்பதே இயலாத ஒன்று என்று வாதிட்டார். சிறாருக்கென்று சொல்லப்படும் கதையில் வாழும் குழந்தை, பெரியவர் தம் ஏக்கத்துக்கும் அச்சத்துக்கும் ஏற்பப் படைத்துக்கொண்ட குழந்தையே என்பதும், உண்மையான சிறுவர் அக்கதைக்கு வெளியிலேயே நிறுத்தப்படுகிறார் என்பதும் அவரது வாதத்தின் சாரம். சிறார் இலக்கிய ஆய்வையே திசை திருப்பிய அந்த வாதத்தின் வலிமையை மறுப்பதற்கில்லை. ஆயினும் அது நூலை ஆக்கும் பக்கத்தை மட்டுமே பார்க்கிறது. பெரியவர் எவ்வளவு தடுத்தும் சிறுவர் தாமே தேடி எடுத்து, போர்வைக்குள் விளக்கை மறைத்து வைத்துப் படித்து, முடித்த கையோடு அடுத்ததைக் கேட்ட நூல்கள் உண்டு. அந்த நூல்களில் சிறுவர் வெளியே நிற்பதில்லை. அவருடைய தேர்வுதான் அவற்றை உயிரோடு வைத்திருக்கிறது. இருபதாம் நூற்றாண்டில் இதற்கு எனிட் பிளைட்டனைவிடத் தெளிவான சான்று கிடைப்பது அரிது.

பிளைட்டன் 1897 ஆகஸ்டு 11-ல் லண்டனில் பிறந்தார். விளையாட்டின் வழியே கற்பித்தலை முன்வைத்த ஜெர்மானியக் கல்வியாளர் ஃபிரோபெலின் முறையில் ஆசிரியப் பயிற்சி பெற்று, சில ஆண்டுகள் சிறு குழந்தைகளுக்குப் பாடம் நடத்தினார். 1922-ல் குழந்தைகளுக்கான கவிதைகளைக் கொண்ட அவரது முதல் நூல் வந்தது. 1968 நவம்பரில் அவர் இறந்தபோது அவர் பெயரில் வெளிவந்திருந்த நூல்கள் சில நூறுகளைத் தாண்டியிருந்தன. அவற்றுள் 1942-க்கும் 1963-க்கும் இடையில் வந்த 21 ‘ஃபேமஸ் ஃபைவ்’ நூல்கள், 15 ‘சீக்ரெட் செவன்’ நூல்கள், விடுதிப் பள்ளியைக் களமாகக் கொண்ட 6 ‘மேலரி டவர்ஸ்’ நூல்கள் ஆகியவை உலகமெங்கும் பரவின. இந்தியாவில் ஆங்கில வழிப் பள்ளிகளின் நூலகங்களிலும் தெருமுனை வாடகை நூலகங்களிலும் தலைமுறை தலைமுறையாகக் கை மாறி, அட்டை கிழிந்து, ஒட்டித் தைக்கப்பட்டு மீண்டும் கை மாறிய நூல்கள் இவை.

பெரியவர்களின் தீர்ப்போ வேறாக இருந்தது. பிரித்தானிய ஒலிபரப்பு நிறுவனமான பிபிசி 1930-களிலிருந்து இருபதாண்டுகளுக்கு மேல் அவருடைய கதைகளை ஏற்காமல் ஒதுக்கி வைத்திருந்ததை, 2009-ல் வெளியான அந்நிறுவனத்தின் உள் ஆவணங்கள் காட்டின. அவரது எழுத்தில் இலக்கியத் தரம் போதாது என்பதே அங்கிருந்தோர் மீண்டும் மீண்டும் குறித்துவைத்த காரணம். 1958-ல் காலின் வெல்ச் என்னும் இதழாளர் ‘என்கவுன்ட்டர்’ இதழில், பிளைட்டனின் பொம்மை நாயகனான நாடியைக் கடுமையாகச் சாடினார். பல பொது நூலகங்கள் அவர் நூல்களை வாங்குவதைக் குறைத்தன, சில நிறுத்தின. சொல்வளம் குறைவு, ஒரே கதை திரும்பத் திரும்ப வருகிறது, பாத்திரங்களுக்கு ஆழமில்லை, சிறுவரின் மனத்தை இது மந்தமாக்கும் என்பவை குற்றச்சாட்டுகள். இவற்றில் முதல் மூன்றும் பெருமளவு உண்மை. அவற்றிலிருந்து நான்காவது தானாகப் பின்தொடரும் என்று கொண்டதில்தான் தவறு இருக்கிறது. நூலில் இருக்கும் குறையை வைத்து வாசகரின் மனத்தில் என்ன நிகழ்கிறது என்பதை அளந்துவிட முடியாது. அதற்கு வாசகரைப் பார்க்க வேண்டும்.

அவ்வாறு பார்க்க, 1942-ல் வந்த முதல் ‘ஃபேமஸ் ஃபைவ்’ நூலான ‘ஃபைவ் ஆன் எ டிரெஷர் ஐலண்ட்’ ஏற்றது. பன்னிரண்டு வயது ஜூலியன், பதினொரு வயது டிக், பத்து வயது ஆன் என்னும் உடன்பிறந்தோர் மூவரும் கோடை விடுமுறைக்குக் கடலோரத்திலுள்ள கிர்ரின் காட்டேஜுக்கு அனுப்பப்படுகிறார்கள். தாயும் தந்தையும் ஸ்காட்லாந்துக்குத் தனியே போகிறார்கள். தந்தையின் உடன்பிறந்தவரான குவென்டின் என்னும் முன்கோபக்கார அறிவியலாளரின் வீடு அது. அவருடைய மகள் ஜார்ஜினா, டிக்குக்கு ஒத்த வயதினள். தன்னை ஜார்ஜ் என்று அழைத்தால் மட்டுமே பதில் சொல்வாள். தலைமுடியை ஒட்ட வெட்டியிருப்பாள். படகு வலிப்பதிலும் நீந்துவதிலும் பையன்களைத் தோற்கடிப்பாள். வளைகுடாவின் வாயிலில் பாழடைந்த கோட்டையோடு இருக்கும் தீவைத் தன்னுடையது என்பாள். அவளிடம் டிம்மி என்னும் நாய் உண்டு. வீட்டில் அதை வைத்துக்கொள்ள அனுமதி இல்லாததால், மீனவச் சிறுவன் ஒருவனிடம் விட்டு, தன் கைச்செலவுக்கான காசு முழுவதையும் அதன் தீனிக்குக் கொடுத்துவிடுகிறாள்.

இந்தச் சிறு விவரத்திலிருந்து பிளைட்டன் எழுப்பும் காட்சி, சிறுவாசகரின் உலகை அவர் எவ்வளவு நெருங்கி அறிந்திருந்தார் என்பதைக் காட்டுகிறது. மற்ற மூவரும் ஐஸ்கிரீம் வாங்குகிறார்கள்; ஜார்ஜ் வேண்டாம் என்கிறாள். ஆசை இல்லாததால் மறுக்கவில்லை. திருப்பி வாங்கித்தர அவளிடம் காசு இல்லை. திருப்பித்தர முடியாதவள் பெற்றுக்கொள்வது சரியல்ல என்பது அவளது கணக்கு. ஜூலியன் அதற்கு ஒரு வழி சொல்கிறான்: அவளுடைய நாயையும் தீவையும் அவர்களோடு அவள் பகிர்ந்துகொண்டால், அவர்களுடைய தின்பண்டத்தை அவளோடு அவர்கள் பகிர்ந்துகொள்வார்கள். பெரியவர் வாசிக்கையில் இரண்டு பக்கத்தில் கடந்துபோகும் சாதாரணப் பேச்சு இது. பத்து வயதுச் சிறுவருக்கோ இது பெரிய அறச்சிக்கல். கையில் காசில்லாத மானம், கொடுக்கல் வாங்கலில் சமநிலை, தனக்கென்று மறைத்து வைத்ததைப் பிறருக்குத் திறந்துவிடும் தயக்கம் ஆகிய மூன்றும் பள்ளிக்கூட வாசலில் அவர் நாள்தோறும் சந்திப்பவை. புதையலும் நிலவறையும் அதன் பிறகே வருகின்றன. பாத்திரங்களுக்கு ஆழமில்லை என்று சொன்ன விமர்சகர்கள் இந்த இடத்தை நின்று படித்ததாகத் தெரியவில்லை.

கதையின் இயக்கமும் பெரியவரை விலக்கி வைக்கும் முறையில் அமைந்தது. புயல் ஒன்று கடலடியில் கிடந்த பழைய கப்பலைப் பாறைமேல் தூக்கி எறிகிறது. சிறுவர்கள் அதிலிருந்து ஒரு பெட்டியையும் அதனுள் கோட்டையின் வரைபடத்தையும் கண்டெடுக்கிறார்கள். குவென்டின் பெட்டியைப் பறித்துப் பழம்பொருள் வாங்குபவரிடம் விற்றுவிடுகிறார். அதனால் தீவுக்கே ஆபத்து வருகிறது. சிறுவர்கள் முன்கூட்டியே வரைபடத்தைப் படியெடுத்து வைத்திருப்பதால், தங்கம் இருக்கும் நிலவறையைத் தேடிப் புறப்படுகிறார்கள். ஜூலியனும் ஜார்ஜும் நிலவறையில் அடைபடும்போது டிக் கிணற்றுச் சுவர் வழியாக இறங்கி அவர்களை மீட்கிறான். ஆபத்தை உண்டாக்கியவர் பெரியவர், அதைத் தீர்த்தவர்கள் சிறுவர். ஆயினும் இக்கதையில் பெற்றோரை இறக்கச்செய்து குழந்தைகளை அநாதைகளாக்கும் பழைய உத்தி இல்லை. தாய்தந்தையர் விடுமுறைக்குப் போயிருக்கிறார்கள், விடுமுறை முடிந்ததும் திரும்புவார்கள். சமையலறையில் குவென்டினின் மனைவி ஃபேனி இருக்கிறார். கடைசி அத்தியாயத்தில் காவல்துறை வரும். எவரும் சாவதில்லை. எல்லை கட்டப்பட்ட இந்த ஆபத்தைப் பாதுகாப்பான ஆபத்து என்று சொல்லலாம். அச்சத்தின் விறுவிறுப்பு முழுவதும் கிடைக்கும், அதன் விலை எதையும் கொடுக்க வேண்டியிராது.

வாசிப்பின் வளர்ச்சிப் படிகளை விளக்கிய அமெரிக்க ஆய்வாளர் ஜே. ஏ. ஆப்பிள்யார்டு, 1990-ல் வந்த தம் நூலில், பள்ளிப் பருவச் சிறுவரை நாயகராக வாசிப்பவர் என்று வகைப்படுத்தினார். குழந்தைப் பருவத்தில் கதை விளையாட்டின் ஒரு பகுதி. பதின்பருவத்தில் வாசகர் பாத்திரத்தின் மனத்தையும் வாழ்வின் பொருளையும் தேடுவார். இடையிலுள்ள ஏழிலிருந்து பன்னிரண்டு வரையிலான வயதில், தாமே செயலாற்றி உலகை ஒழுங்குபடுத்தும் ஒருவராகத் தம்மைக் கதைக்குள் வைத்துப் படிப்பார் என்பது அவர் விளக்கம். இந்தப் பருவத்துக்குப் பாத்திரத்தின் உள்மனச் சிக்கல் தடையாகவே இருக்கும், ஏனெனில் ஏற்கெனவே நிரம்பிய பாத்திரத்துக்குள் வாசகர் நுழைய இடமில்லை. ஜூலியனும் டிக்கும் ஓரளவு வெறுமையாக வரையப்பட்டிருப்பதைப் பெரியவர் குறை என்றார். சிறுவாசகர் அந்த இடத்தில் தம்மை உட்காரவைத்துக் கொண்டார்.

பிளைட்டன் கதைகளில் அடிக்கடி ஏளனத்துக்கு உள்ளான அம்சம் உணவு. வேகவைத்த முட்டை, தக்காளி, பன்றி இறைச்சித் துண்டு, புதிய ரொட்டி, பிளம் கேக், இஞ்சி பீர் எனப்படும் காரமான குளிர்பானம் ஆகியவை பக்கத்துக்குப் பக்கம் வரும். இஞ்சி பீரோடு சேர்த்து அவர் எழுதியதாக எல்லோர் வாயிலும் வழங்கும் ஒரு தொடர் அவர் நூல் எதிலும் இல்லை; 1982-ல் பிரித்தானியத் தொலைக்காட்சியில் வந்த பகடி நாடகம் ஒன்றின் வழியே அது பரவியது. உணவுக் காட்சிகளின் உண்மையான பொருளை அவை பிறந்த காலத்தில் தேட வேண்டும். பிரித்தானியாவில் உணவுப் பங்கீடு 1940 ஜனவரியில் தொடங்கியது. வெண்ணெய், சர்க்கரை, இறைச்சி யாவும் அட்டைக்கு அளந்து தரப்பட்டன. ‘ஃபைவ் ஆன் எ டிரெஷர் ஐலண்ட்’ வெளிவந்த 1942-ஆம் ஆண்டின் கோடையில் மிட்டாயும் சாக்லேட்டும்கூடப் பங்கீட்டுக்குள் வந்தன. 1954 வரை பங்கீடு முழுமையாக நீங்கவில்லை. அதே ஆண்டுகளில் இங்கிலாந்தின் தென்கரை, கீழ்க்கரைக் கடற்கரைகளில் பெரும்பகுதி முள்கம்பியும் கண்ணிவெடியும் இடப்பட்டு மூடப்பட்டிருந்தது. நகரத்துக் குழந்தைகள் இலட்சக்கணக்கில் பெற்றோரை விட்டு நாட்டுப்புறங்களுக்கு அனுப்பப்பட்டிருந்தார்கள். அந்தச் சூழலில் திறந்த கடற்கரையும் தாராளமான உணவுக் கூடையும் பெற்றோர் நிச்சயம் திரும்பிவரும் விடுமுறையும் கொண்ட ஒரு கதை, போரைப் பற்றி ஒரு சொல்லும் பேசாமலே, அக்காலச் சிறுவர் இழந்திருந்த ஒவ்வொன்றையும் அவர் கையில் வைத்தது. பசியறியாத பிற்கால வாசகருக்கும் அந்தச் சுவை குன்றவில்லை, ஏனெனில் யாரும் பரிமாறாமல், யாரும் கணக்குப் பார்க்காமல், தோழர்களோடு வெளியில் உட்கார்ந்து உண்பது எந்நாட்டுச் சிறுவருக்கும் விடுதலையின் அடையாளம்.

மொழியைப் பற்றிய குற்றச்சாட்டுக்கு வருவோம். ஆஸ்திரேலிய ஆய்வாளர் பார்பரா வால் 1991-ல் சிறார் கதைகளின் கதைசொல்லியை ஆராய்ந்து, சில கருத்தாக்கங்களை முன்வைத்தார். சிறுவரிடம் பேசிக்கொண்டே, அவர் தலைக்கு மேலாக அருகிலிருக்கும் பெரியவரைப் பார்த்துக் கண்சிமிட்டும் நடையை அவர் இரட்டை விளிப்பு என்றார். சிறுவரை மட்டுமே பார்த்துப் பேசும் நடை ஒற்றை விளிப்பு. பீட்டர் பேனைப் படைத்த ஜே. எம். பேரியின் நடை முன்னதற்குச் சிறந்த சான்று. நுட்பமான அந்த நடையைப் படிக்கும் சிறுவர், தமக்குப் புரியாத ஏதோ ஒன்றுக்காக மற்றவர்கள் சிரிக்கிறார்கள் என்பதை உணர்ந்துவிடுவார். பிளைட்டன் ஒருபோதும் அவ்வாறு செய்ததில்லை. அவருடைய எளிய சொற்களும் குறுகிய வாக்கியங்களும் ஆச்சரியக்குறிகளும் பெரியவருக்குச் சலிப்பூட்டுவதன் காரணமும் இதுவே: அந்த அறையில் பெரியவருக்கு நாற்காலி போடப்படவில்லை. சிறார் இலக்கியம் முழுவதும் அவரைப் போல எழுதப்பட வேண்டும் என்று இதிலிருந்து கொள்ளக் கூடாது. பேரியின் கதை இலக்கியமாக நிற்கும், பிளைட்டனின் கதை அவ்வாறு நிற்காது. ஆனால் இலக்கியமாக நிற்பதும் சிறுவரை முழு வாசகராக மதிப்பதும் இரு வேறு செயல்கள்.

எல்லாவற்றிலும் கடுமையாகப் பழிக்கப்பட்டது திரும்பத் திரும்ப வரும் தன்மை. பள்ளி விடுமுறை தொடங்கும், நால்வரும் நாயும் கூடுவார்கள், சுரங்கமோ மறைவழியோ தென்படும், சந்தேகத்துக்குரிய மனிதர்கள் வருவார்கள், எவரேனும் அடைபடுவார்கள், டிம்மி காப்பாற்றும். இருபத்தொரு நூல்களிலும் விடுமுறைகளைக் கூட்டிப் பார்த்தால் ஜூலியன் கல்லூரியையும் தாண்டியிருக்க வேண்டும். ஆனால் தொடர் முடியும்வரை அவர்கள் பள்ளிச் சிறுவர்களாகவே இருக்கிறார்கள். தமிழ்ச் சிறுவருக்கு இந்த இன்பம் அந்நியமானதன்று. 1947 ஜூலையில் தொடங்கிய ‘அம்புலிமாமா’வில் விக்கிரமன் மாதந்தோறும் முருங்கை மரத்தில் ஏறி, வேதாளத்தை இறக்கித் தோளில் போட்டுக்கொண்டு நடந்தான், வேதாளம் கதை சொல்லிக் கேள்வி கேட்டது, அவன் மௌனம் கலைத்ததும் மீண்டும் மரமேறியது. மூலநூலில் உள்ள இருபத்தைந்து கதைகள் தீர்ந்த பிறகும் இதழ் புதிய கதைகளோடு பல்லாண்டுகள் அதே சட்டகத்தைத் தொடர்ந்தது. வேதாளம் திரும்ப மரமேறும் என்பது எல்லோருக்கும் தெரியும், தெரிந்திருந்ததாலேயே அடுத்த இதழுக்குக் காத்திருந்தார்கள்.

இந்தத் திரும்ப வருதலுக்குள் நிகழும் கற்றலை வாசிப்பு ஆய்வுகள் விளக்குகின்றன. 1980-களில் வில்லியம் நாகியும் ரிச்சர்டு ஆண்டர்சனும் அவர்தம் குழுவினரும் அமெரிக்கப் பள்ளிச் சிறுவரிடையே நடத்திய ஆய்வுகளில், வாசிக்கும்போது ஒருமுறை மட்டும் எதிர்ப்படும் புதிய சொல்லின் பொருள் மனத்தில் தங்கும் வாய்ப்பு ஏறத்தாழ இருபதில் ஒன்றே என்று கண்டார்கள். அதாவது சொல்வளம் பெருக வேண்டுமானால் வாசிக்கும் பக்கங்களின் எண்ணிக்கை பெருக வேண்டும். அகராதிக்கு ஓடவைக்கும் கடினமான ஒரு நூலைவிட, நிறுத்தாமல் படிக்கவைக்கும் பத்து எளிய நூல்கள் அதைச் செய்யும். ஆண்டர்சன் வேறு இருவருடன் சேர்ந்து 1988-ல் வெளியிட்ட ஆய்வு, ஐந்தாம் வகுப்புச் சிறார் 155 பேர் பள்ளிக்கு வெளியே நேரத்தை எவ்வாறு செலவிட்டார்கள் என்பதைப் பதிவு செய்தது. வாசிப்புத் திறனின் வளர்ச்சியோடு மிக நெருங்கிய தொடர்புடையதாக அதில் தெரியவந்தது, தாமாக நூல் படித்த நேரமே. கனடாவின் நூலகவியல் ஆய்வாளர் கேத்தரின் ஷெல்ட்ரிக் ராஸ் 1995-ல், ஆர்வமிக்க வாசகர்களாக வளர்ந்த பெரியவர்களிடம் அவர்களுடைய சிறுவயது வாசிப்பைக் கேட்டறிந்து எழுதியபோது, அவர்களில் கணிசமானோர் தொடர்நூல்களைக் குறிப்பிட்டார்கள். அவற்றுள் பிளைட்டன் பெயரும் இருந்தது. ஒரே சட்டகத்தில் வரும் பல நூல்களைப் படிக்கும் சிறுவர், எது மாறுகிறது, எது மாறவில்லை என்பதைக் கவனிக்கிறார், முன்கூட்டி ஊகிக்கிறார், ஊகம் பொய்த்தால் மகிழ்கிறார். கதை எவ்வாறு கட்டப்படுகிறது என்னும் பாடத்தை யாரும் நடத்தாமலே கற்றுக்கொள்கிறார். ஒரே நூலை மூன்றாவது முறை படிக்கும் குழந்தையைக் கண்டிக்கும் வழக்கம் நம் வீடுகளிலும் உண்டு. முதல் வாசிப்பில் என்ன நடக்கும் என்ற பதற்றத்தில் விட்டுப்போனவை மறுவாசிப்பில்தான் கண்ணில் படும் என்பதால், அந்தக் கண்டிப்பு கைவிடத்தக்கது.

பிளைட்டன் எழுதிய முறை பற்றிய ஒரு சான்று இங்கே பொருந்தும். 1953-ல் பீட்டர் மெக்கெல்லர் என்னும் உளவியலாளர், எழுத்தாளர்களின் கற்பனை எவ்வாறு இயங்குகிறது என்று அறிய அவருக்குக் கடிதம் எழுதினார். பிளைட்டன் எழுதிய பதில்களில், கண்ணை மூடி மனத்தை வெறுமையாக்கிக் காத்திருந்தால் பாத்திரங்கள் முன்னால் வந்து நிற்கும் என்றும், மனத்துக்குள் ஒரு திரைப்படம் ஓடுவது போலக் கதை நிகழும் என்றும், அடுத்து என்ன வரும் என்பது தமக்கே தெரியாது என்றும் விளக்கினார். ஒரு நாளில் பல்லாயிரம் சொற்கள் வரை அவர் தட்டச்சு செய்ததும் இதனால்தான் இயன்றது. எழுத்தாளர் தம்மைப் பற்றிச் சொல்வதை அப்படியே ஏற்க வேண்டியதில்லை என்றாலும், நூல்களின் அமைப்பு இந்தக் கூற்றோடு ஒத்துப்போகிறது: கதை பின்னோக்கித் திரும்புவதில்லை, தற்செயல்கள் மிகுதி, நடை முழுவதும் கண்ணால் பார்த்ததைச் சொல்வதாக இருக்கிறது. எழுதுபவரும் அடுத்தது என்ன என்ற ஆவலோடு இருந்ததால், வாசகரின் ஆவலும் அவருடைய ஆவலும் ஒரே வேகத்தில் நகர்ந்தன.

ஜார்ஜ் என்னும் பாத்திரத்துக்குச் சற்றுக் கூடுதல் கவனம் உரியது. வாசகர்களிடம் ஆண்டுக்கணக்காக நினைவில் நிற்பவள் அவளே. ஜார்ஜ் உண்மையான ஒரு பெண்ணின் சாயல் என்று முதலில் எழுதிய பிளைட்டன், பிற்காலத்தில் அந்தப் பெண் தாமே என்று ஒப்புக்கொண்டதை அவரது வாழ்க்கை வரலாற்றை எழுதிய பார்பரா ஸ்டோனி பதிவு செய்கிறார். பெண்ணாகப் பிறந்ததால் மறுக்கப்படும் உரிமைகளைக் கண்டு கொதிக்கும் சிறுமி ஒருத்தி 1942-லேயே கதையின் நடுவில் நின்றது சிறிய செயலன்று. அதே நூல்களில் ஆன் படுக்கை விரிப்பாள், பாத்திரம் கழுவுவாள், அதில் மகிழ்ச்சியும் அடைவாள். ஜூலியன் பெண்களைக் காப்பது தன் பொறுப்பு என்று அறிவுரை சொல்வான். இந்த முரணை ஆசிரியர் தீர்க்கவில்லை. ஜார்ஜின் கோபத்தை அவர் நியாயப்படுத்தவும் இல்லை, அடக்கவும் இல்லை. அதனாலேயே சிறுமியர் அந்தக் கோபத்தைத் தமதாக எடுத்துக்கொள்ள முடிந்தது.

இன்பத்தின் வலிமையை இவ்வளவு சொன்ன பிறகு, அந்த இன்பத்தால் மறைக்க முடியாத ஒன்றையும் சொல்லியாக வேண்டும். பிளைட்டன் கதைகளில் இனவெறியும் வர்க்கச் செருக்கும் இருக்கின்றன. 1944-ல் வந்த ‘தி ஐலண்ட் ஆஃப் அட்வெஞ்சர்’ நூலின் தீயவன், ஜோ-ஜோ என்னும் கறுப்பின வேலையாள். தன் கறுப்பு முகத்துக்காக வெறுக்கப்படும் பொம்மை, மழையில் நிறம் கழுவப்பட்ட பிறகே ஏற்கப்படும் கதை ஒன்றை அவர் எழுதியிருக்கிறார். அதை 1966-லேயே ‘கார்டியன்’ நாளிதழில் லீனா ஜீகர் கண்டித்தார். 1960-ல் மேக்மில்லன் பதிப்பகம் அவருடைய கதை ஒன்றை மறுத்தபோது, திருடர்கள் வெளிநாட்டினர் என்பதையே அவர்களது திருட்டுக்கு விளக்கமாக வைத்த பழமைப்பட்ட மனப்போக்கு அதன் மதிப்பீட்டுக் குறிப்பில் சுட்டப்பட்டது. 2016-ல் அவர் நினைவாக நாணயம் வெளியிடும் யோசனையைப் பிரித்தானிய அரச நாணயச் சாலையின் ஆலோசனைக் குழு கைவிட்டதற்கும் இது ஒரு காரணம். அக்காலத்தில் எல்லோரும் அப்படித்தான் எழுதினார்கள் என்னும் சமாதானம் முழுமையாகப் பொருந்தாது, ஏனெனில் அக்காலத்திலேயே கண்டித்தவர்கள் இருந்தார்கள். இந்தியச் சிறுவர் இந்நூல்களில் ஐவரோடு சேர்ந்து ஓடினார். ஆனால் அவரே கிர்ரின் வளைகுடாவில் கால்வைத்திருந்தால் அந்த ஐவரும் அவரைச் சந்தேகத்தோடு பார்த்திருப்பார்கள். கதைக்குள் ஆழ்ந்திருக்கும் பத்து வயதினருக்கு இது தென்படாது, ஆழ்ந்திருப்பதன் இயல்பே அது. ஆகவே பெரியவர் தலையிட வேண்டிய இடம் இது: நூலைப் பிடுங்க வேண்டாம், பின்னர் அருகில் உட்கார்ந்து அந்த வேலையாளைப் பற்றிப் பேச வேண்டும்.

பெரியவர் தலையிட வேண்டிய இடம் எது, வேண்டாத இடம் எது என்னும் வேறுபாட்டைப் பதிப்பாளர்கள் செய்த திருத்தங்களும் உணர்த்துகின்றன. நாடி கதைகளில் வந்த கறுப்பு முகப் பொம்மைகள் 1980-களின் இறுதியில் நீக்கப்பட்டன. அது சரியான முடிவு. 2010-ல் ஹாடர் பதிப்பகம் ‘ஃபேமஸ் ஃபைவ்’ நூல்களின் மொழியையே புதுப்பிக்க முயன்றது. பழைய உடைப்பெயர்களும் பழைய வியப்புச் சொற்களும் இக்காலச் சிறுவருக்குப் புரியா என்று கருதி மாற்றப்பட்டன. அந்தப் பதிப்பு எதிர்பார்த்த வரவேற்பைப் பெறவில்லை. 2016-ல் அந்த மாற்றங்களைக் கைவிடுவதாகப் பதிப்பகமே அறிவித்தது. தமக்குப் பிடித்த கதைக்காகச் சிறுவர் அறியாத சொல்லைத் தாண்டிச் செல்வார், சூழலிலிருந்து பொருளை ஊகித்துக்கொள்வார் என்பதை வாசிப்பு ஆய்வுகள் முன்பே காட்டியிருந்தும், முடிவெடுத்த பெரியவர்கள் மீண்டும் சிறுவரின் திறனைக் குறைத்தே மதிப்பிட்டார்கள்.

தமிழில் சிறார் இலக்கிய வரலாறு எழுதுவோர், 1950-ல் குழந்தை எழுத்தாளர் சங்கம் அமைந்தது முதலாக எழுத்தாளர்களையும் இதழ்களையும் பரிசுகளையும் கவனமாகத் தொகுத்திருக்கிறார்கள். அந்தப் பணியோடு சேர வேண்டிய மற்றொரு பணி உண்டு. சுதந்திர இந்தியாவின் முதல் பொது நூலகச் சட்டம் 1948-ல் சென்னை மாகாணத்தில் இயற்றப்பட்டது; அதன்கீழ் அமைந்த கிளை நூலகங்களின் இரவல் பதிவேடுகளில் எந்தச் சிறார் நூல் எத்தனை முறை எடுக்கப்பட்டது, எது அலமாரியிலேயே இருந்தது என்பதற்கான சான்று கிடக்கிறது. சென்னை அண்ணா நூற்றாண்டு நூலகத்திலும் மதுரை கலைஞர் நூற்றாண்டு நூலகத்திலும் இயங்கும் சிறார் பகுதிகளில் நாள்தோறும் வாசகர்கள் அமர்ந்திருக்கிறார்கள். ஆய்வு மாணவர்கள் அங்கே சென்று, எந்த நூலின் ஓரம் அழுக்கேறியிருக்கிறது என்று பார்த்து, அதை எடுத்த சிறுவரிடம் எந்தப் பக்கம் பிடித்தது, ஏன் பிடித்தது என்று கேட்டு, அவர் சொல்வதைத் திருத்தாமல் எழுதிவைக்க வேண்டும். பரிசுக்குழுவில் அமர்வோரும் நூல் கொள்முதல் செய்வோரும் தம் பட்டியலை இறுதி செய்வதற்கு முன் அந்தப் பதிவுகளை ஒருமுறை படிக்க வேண்டும்.